திப்புவின் கூடாரம், பிரித்துப் பார்க்காத கட்டில்

கே: இங்கிலாந்துக் கிராமங்களில் அரண்மனை மாதிரி நிற்கும் பிரபுக்களின் வீடுகளை இப்போது யார் பராமரிக்கிறார்கள்? – மதுரை

ப: சிலவற்றைப் பிரபுக்களேதான், டிக்கெட் போட்டு. பலவற்றை 'நேஷனல் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை. 1895-ல் தொடங்கிய அமைப்பு. 1937-ல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, 'வீட்டை எங்களுக்கு எழுதி வையுங்கள், நீங்களும் ஒரு பக்கம் குடியிருந்துகொள்ளுங்கள்' என்று வாங்க ஆரம்பித்தார்கள். கூடவே பராமரிப்புக்கு ஒரு தொகையும் தர வேண்டும். பெண்ணையும் கொடுத்துச் சீரும் செய்கிற கதைதான்.

கே: அவ்வளவு பெரிய வீட்டை யாராவது மனசார எழுதிக் கொடுப்பார்களா? – விருதுநகர்

ப: மனசாரவா? வாரிசு வரி கொடுக்க வைக்கும். டெர்பிஷயரில் 'கால்க் அபி' என்றொரு மாளிகை. சொந்தக்காரர் 1981-ல் இறந்தபோது வந்த வரி சுமார் 80 லட்சம் பவுண்டு. தம்பி திண்டாடினார். 1985-ல் வீடு டிரஸ்ட் கைக்குப் போனது.

கே: கால்க் அபியில் அப்படி என்ன விசேஷம்? – கோவை

ப: அந்தக் குடும்பத்துக்கு எதையும் தூக்கிப் போடத் தெரியாது. பாடம் செய்த பறவைகள், மான் தலைகள், உடைந்த பொம்மைகள், ஓட்டை நாற்காலிகள் என்று அறை அறையாக அடைசல். ஓர் அறை நிரம்பினால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். 1962 வரை வீட்டில் கரண்ட் கிடையாது. குடைந்தபோது பெட்டியில் மடித்தபடியே சீனப் பட்டுத் திரைகள் கிடைத்தன. 18-ஆம் நூற்றாண்டில் ராஜ குடும்பத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கட்டிலுக்கு உரியவை. யாரும் பிரித்துப் போட்டுப் படுக்கவே இல்லை. அதனால் டிராகனும் பறவைகளும் நேற்றுத் தைத்த மாதிரி பளிச்சென்று இருக்கின்றன. நம் வீட்டில் பரணில் ஏறியதைக் கீழே இறக்காத பெரியவர்களைத் திட்டுகிறோமே, கொஞ்சம் நிதானிக்கலாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது டிரஸ்ட் எடுத்த முடிவு. கூரையை, சுவரை, ஒழுகலைச் சரிசெய்தார்கள். உரிந்த சுவர்த்தாளையும் குவிந்த சாமானையும் அப்படியே விட்டுவிட்டார்கள். பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கியிருந்தால் இன்னொரு மாளிகை கிடைத்திருக்கும், இந்த மாளிகை போயிருக்கும்.

கே: கட்டிலை இப்போது வெளியே எடுத்துவிட்டார்களே, நிறம் மங்காதா? – தஞ்சாவூர்

ப: மங்கும். அதைத் தள்ளிப்போடத்தான் கண்ணாடிக்குப் பின்னால் மங்கலான வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். பட்டுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது என்பது பொதுக் கணக்கு. வெளிச்சம் பட்ட சேதம் சேர்ந்துகொண்டே போகும். பிறகு இருட்டில் வைத்தாலும் போன நிறம் திரும்பி வராது. 'ஏன் இப்படி இருட்டு?' என்று கேட்கிற சுற்றுலாப் பயணிக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான்.

கே: உள்ளே குளிர் நடுக்கியெடுக்கிறதாமே? – ஊட்டி

ப: ஹீட்டர் உங்களுக்காக ஓடுவதில்லை, அலமாரிக்காக ஓடுகிறது. காற்றின் ஈரப்பதத்தை 50-லிருந்து 65 சதவீதத்துக்குள் நிறுத்த எவ்வளவு சூடு வேண்டுமோ அவ்வளவுதான். காய்ந்தால் மரம் சுருங்கி மேலே ஒட்டிய மெல்லிய பலகை எழும்பும், நனைந்தால் பூஞ்சை. ஊட்டிக்காரர் நீங்களே இப்படிக் கேட்கலாமா?

கே: பூச்சி அரித்த கம்பளத்துக்கு மருந்து? – சேலம்

ப: ஃப்ரீசர். மைனஸ் 30 டிகிரியில் சில நாள் வைத்தால் அந்துப்பூச்சி முட்டையோடு காலி. வீட்டு ஃப்ரிஜ்ஜில் பட்டுச்சேலையைத் திணித்துவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

கே: தீப்பிடித்தால்? – சிவகாசி

ப: ஊர்ப் பொருத்தம்! சஸெக்ஸில் அப்பார்க் மாளிகை. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸின் அம்மா வேலை பார்த்த வீடு. 1989 ஆகஸ்டில் கூரையின் ஈயத் தகட்டைப் பற்றவைத்தவர்களின் தீ தாவி எரிந்தது. கூரையை ரிப்பேர் செய்யும் வேலை முடியும் தறுவாயில்! ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கீழ்த்தளத்துச் சாமானில் பெரும்பகுதியை வெளியே கொண்டுவந்தார்கள். சாம்பலைச் சலித்து, உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, தீப்பிடிப்பதற்கு முந்தைய நாள் எப்படி இருந்ததோ அப்படியே கட்டி 1995-ல் திறந்தார்கள். மங்கல் உட்பட! 2015-ல் சர்ரேயில் எரிந்த கிளாண்டன் பார்க்குக்கு அந்த யோகம் இல்லை. அதைப் பழையபடி முழுசாகக் கட்டப் போவதில்லை என்று முடிவு.

கே: நல்ல பொருளையெல்லாம் மியூசியத்தில் வைத்துவிட்டு வீட்டை விற்றால் என்ன? – நாகர்கோவில்

ப: மென்ட்மோர் கதையைக் கேளுங்கள். ராத்ஸ்சைல்டு குடும்பம் கட்டிய மாளிகை. வாரிசு வரிக்கு ஈடாக, உள்ளே உள்ளதோடு சேர்த்து 20 லட்சம் பவுண்டுக்கு அரசாங்கத்திடம் நீட்டினார்கள். வேண்டாம் என்றது. 1977-ல் ஏலம் போனபோது சாமான் மட்டும் 60 லட்சத்துக்கு மேல். வேறு யாரோ வரைந்தது என்று சில ஆயிரத்துக்குப் போன ஒரு படம் ஃப்ராகோனார் வரைந்ததாகத் தெரிந்து, லண்டன் நேஷனல் கேலரி பல மடங்கு கொடுத்து வாங்கியது. நாற்காலி ஒரு நாட்டில், அது நின்ற கம்பளம் இன்னொரு நாட்டில். விலை தெரியும், யார் வீட்டில் எந்த ஜன்னலோரம் கிடந்தது என்பது போயே போச்சு.

கே: 'வந்த பொருள் வந்த இடத்திலேயே இருக்கட்டும்' என்கிறீர்கள். திப்பு சுல்தானின் கூடாரம் எங்கே இருக்கிறது? – வேலூர்

ப: வேலூர்க்காரர் கேட்காமல் விடுவீர்களா! வேல்ஸ் நாட்டில் போவிஸ் கோட்டையில். ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் 1798 முதல் 1803 வரை நம் மெட்ராஸுக்கு கவர்னர். 1799-ல் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு கிடைத்தவை அந்தக் குடும்பத்தோடு கப்பல் ஏறின. பூப்போட்ட சீட்டித்துணிக் கூடாரம்; பிறகு தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகவும் கட்டியிருக்கிறார்கள். சிம்மாசனத்தின் புலித்தலை ஒன்றும் அங்கேதான். நன்றாகவே பாதுகாக்கிறார்கள். நான் சொன்ன நியாயம் அந்த வீட்டு வாசலில் இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

கே: அங்கே பழைய நாற்காலியில் உட்கார விடுவார்களா? – திருநெல்வேலி

ப: பல வீடுகளில் 'உட்காராதீர்' என்று போர்டுகூட இருக்காது. இருக்கையின் நடுவில் காய்ந்த முள் பூவோ பைன் காயோ ஒன்றை வைத்திருப்பார்கள். தாராளமாக உட்காருங்கள்.