உதை எந்தப் பக்கம் போகிறது?

கேள்வி: அடிதடி காமெடியில் அடி வாங்குபவர் பெரும்பாலும் கறுப்பாகவோ குண்டாகவோ இருக்கிறாரே, ஏன்? "காமெடிதானே" என்று விட்டுவிடலாமா?

பதில்: ஹீரோவை உதைத்தால் ரசிகர் மன்றம் சும்மா விடுமா?

'வைதேகி காத்திருந்தாள்' (1984) பெட்ரோமாக்ஸ் காட்சியைப் பாருங்கள். அப்பாவியாகச் சந்தேகம் கேட்டபடியே விளக்கின் மேண்டிலைக் கசக்கிப் பொடியாக்குகிறார் செந்தில். கவுண்டமணிக்குக் கோபம் வருவது நியாயம். எத்தனை முறை போட்டாலும் நான் சிரிப்பேன். ஆனால் இந்த ஜோடியின் பல படங்களில் திட்டு, செய்த தப்போடு நிற்பதில்லை. தலை, நிறம், தொப்பை என்று ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் ஓயும். மேண்டிலை உடைத்தது கை. நிறம் என்ன பாவம் செய்தது?

இத்தனைக்கும் அந்தப் படத்தில் கவுண்டமணியின் அழகுராஜா ஒன்றும் மிட்டாமிராசு இல்லை, சைக்கிள் கடைக்காரர். அரைப்படி மேலே நிற்பவர் கீழே நிற்பவரை மிதிப்பதுதான் இங்கே கணக்கு. மேலே பார்த்தும் உதைக்கலாம்: சாப்ளின் 'தி இமிக்ரன்ட்' (1917) படத்தில் குடியேற்ற அதிகாரியையே பின்னாலிருந்து உதைத்தார். 1952-இல் அவர் லண்டன் கிளம்பியதும், திரும்பி வரும் அனுமதியை அமெரிக்கா ரத்து செய்தது. அந்த உதைக்காக இல்லை, அரசியலுக்காக. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

வடிவேலு ரூட் வேறு. 'வின்னர்' (2003) கைப்புள்ள வாங்கும் அடி அவர் உடம்புக்கல்ல, வெட்டி வீராப்புக்கு. ஊரில் மீசை முறுக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து அவர் ஒருவரே வாங்குகிறார். திருநங்கைக்கும் பருமனான பெண்ணுக்கும் நம் சினிமாவில் அப்படி எதையாவது செய்து அடி வாங்கும் வாய்ப்புகூடக் கிடைப்பதில்லை. அவர்கள் ஃப்ரேமுக்குள் வந்து நின்றாலே ஜோக் முடிந்தது. வசனகர்த்தாவுக்கு அன்று அரை நாள் லீவு.