எந்தக் கை தேரை இழுத்தது?

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். "அது அவங்க ரத்தத்திலேயே இருக்கு" என்று ஊரில் பேசுகிறார்கள். இந்த நோய்க்கான மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்களா?
- ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் ஒன்றை அல்ல! உங்கள் ஊர் ஆழித்தேரை நகர்த்தியது எந்தக் கை என்று கேட்டால் யாரைக் காட்டுவீர்கள்? அதே கதைதான். 2022இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, சுமார் 76,000 நோயாளிகளின் மரபணுக்களை 2,43,000 பேருடன் ஒப்பிட்டது. நோயோடு தொடர்புள்ள 287 இடங்கள் சிக்கின. ஒவ்வொன்றும் வடத்தில் ஒரு கை. தனியாக எதுவும் தேரை அசைக்காது.

அதில் சி4 என்ற மரபணு சுவாரசியமானது. வளரும் மூளையில் தேவையற்ற நரம்பு இணைப்புகளைக் கவாத்து செய்ய அது உதவுகிறது. அளவு மிஞ்சினால், இருக்க வேண்டிய கிளையும் வெட்டுப்படலாம் என்று 2016இல் வெளியான ஆய்வு சொன்னது.

ரத்தம் மட்டுமே காரணம் என்றால், ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீர வேண்டும். பாதிப் பேருக்குமேல் வருவதில்லை. நோயாளியின் உடன்பிறந்தவர்களிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை.

ஆகவே இது குடும்பத்தின் குற்றமல்ல, வளர்ப்பின் குற்றமுமல்ல. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்க உங்கள் தம்பிக்கு ஓர் அக்கா இருக்கிறார். அந்தக் கையும் தேரை இழுக்கும், நல்ல திசையில்!