பெருமாளும் ஓடுபாதையும்

காஞ்சிபுரம் பக்கத்துப் பரந்தூரில் வரப்போவது 'கிரீன்ஃபீல்டு' விமான நிலையமாமே! பசுமை மீது அவ்வளவு பாசமா?
*– வாசகர், ஐயங்கார்குளம்*

பெயரில் பொய்யில்லை. கட்டும்வரை அது பச்சை வயல்தானே!

ஏரி, வாய்க்கால், நஞ்சை எல்லாம் கிடக்கும் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். ஆராயாமலா 2025-இல் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்திருக்கும்?
*– அதே வாசகர்*

இந்தத் திட்டத்தில் நிலம் போகிற ஏகனாபுரத்துக்காரர்களும் 2022-லிருந்து சாயங்கால வேளைகளில் கூடி உட்கார்ந்து ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் மேல் தீர்மானமும் போட்டாயிற்று. அந்த ஆராய்ச்சிக்குத்தான் ஒப்புதல் கிடைக்கவில்லை.

உங்கள் ஊர் நடவாவிக் கிணற்றையே பாருங்களேன். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் வந்து இறங்கவேண்டும் என்றால், முதலில் தண்ணீரை இறைத்தாக வேண்டும். விமானம் இறங்கவும் அதேதான். ஆனால் பெருமாள் கிணற்றுக்குள் இருக்கும் மண்டபத்தைச் சுற்றிவிட்டுப் படியேறிப் போய்விடுவார். பின்னாலேயே ஊற்று சுரந்து மண்டபத்தை மூடிவிடும். ஓடுபாதை எந்தப் படியேறிப் போகும்?

சென்னையில் இப்போதிருக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின் மேல் பாலம் கட்டித்தான் நீட்டினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது.