ஏரோப்ளேன் ரோடு

கேள்வி: உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றபோது, ‘இந்தப் பக்கம் பெரிய ஏரோப்ளேன் ரோடே இருக்கு’ என்றார் பக்கத்து சீட்டுப் பெரியவர். விமானமே வராத ஊரில் அது எதற்கு?
– ஆர்.எஸ்., கோரிப்பாளையம்

பதில்: எல்லாம் ஜப்பான் பயம்தான்! 1942-ல் சிங்கப்பூர், ரங்கூன் இரண்டும் விழுந்தன. ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்ததும் சென்னையே மூட்டை கட்டியது. உளுந்தூர்பேட்டை, சோழவரம் என்று பொட்டல்காட்டிலெல்லாம் வெள்ளைக்காரன் ஓடுதளம் போட்டான். ஜப்பான்காரன் தரை இறங்கவே இல்லை. போர் முடிந்ததும் கான்கிரீட் இடுக்கில் புல் முளைத்தது, ஆடுகளுக்கு யோகம்.

சோழவரத்துக்கு மட்டும் ராஜயோகம். நேராக நீண்டு கிடந்த ஓடுதளத்தைப் பார்த்த சென்னை மோட்டார் பந்தயப் பிரியர்களுக்குக் கால் சும்மா இருக்குமா? 1950-களில் தொடங்கிய கார், பைக் பந்தயம் பல ஆண்டுகள் அங்கே பறந்தது. பிறகுதான் இருங்காட்டுக்கோட்டைக்கு ஜாகை மாறியது. போருக்குப் போட்ட பணத்தில் உருப்படியான செலவு இதுதான் என்பேன்.

உளுந்தூர்பேட்டை வரை போவானேன்? உங்கள் மதுரை விமான நிலையமும் 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய தளம்தான். இன்று அங்கிருந்து கொழும்புக்கே விமானம் போகிறது, பெட்டியில் குண்டுக்குப் பதில் முறுக்கு!