பேட்டரி நிரம்பும், ஆனால்...

கேள்வி: பழைய வேனை வாங்கி, படுக்கை, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து கேரவன் ஆக்கியிருக்கிறேன். பின்னால் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்துவிட்டால் சார்ஜ் ஆகாதா?
வாசகர், கோவை

பதில்: ஆகும். பேட்டரி நிரம்பும், ஆல்டர்னேட்டர் புகையும்!

ஈய-அமில பேட்டரி நிரம்ப நிரம்ப, வாங்கும் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லித்தியமோ கடைசிவரை 'போதும்' என்றே சொல்லாத பந்தி விருந்தாளி. ஆல்டர்னேட்டரைக் குளிர்விக்கும் விசிறி எஞ்சின் வேகத்துக்கு ஏற்பத்தான் சுற்றும். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது காற்றும் குறைவு, இழுப்பும் அதிகம். உள்ளே இருக்கும் காயில் கருகும். போதாக்குறைக்கு, பேட்டரியின் பாதுகாப்புச் சுற்றான பி.எம்.எஸ். திடீரென இணைப்பைத் துண்டித்தால் மின்னழுத்தம் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடலாம்.

வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரிக்கும் பின்னால் உள்ள லித்தியத்துக்கும் நடுவே, இழுப்புக்கு வரம்பு வைக்கும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றைப் போடுங்கள். எஞ்சின் ஓடினால் மட்டும் வேலை செய்யும்படி இணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்யும் பேட்டரி காலியாகி, காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டும். ஒயர் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய ஒயரில் பாதி வழியிலேயே வோல்ட் இறங்கிவிடும், சூடும் ஏறும். இரண்டு பேட்டரிகளின் அருகிலும் ஆளுக்கொரு ஃப்யூஸ் கட்டாயம். அதில் சிக்கனம் பார்க்கிறவர் தீயணைப்பு நிலையத்தின் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இந்த 30 ஆம்பியரில், காலியான உங்கள் பேட்டரி நிரம்ப மூன்றரை மணி நேரமாவது ஓட்டம் வேண்டும். கோவையில் கிளம்பினால் மதுரை சேர்வதற்குள் ஏறக்குறைய நிரம்பிவிடும். இரவு முழுக்க ஏசி ஓட்டும் ஆசை இருந்தால் மட்டும் இந்த ஒரு பேட்டரி போதாது, இன்னும் பெரியதாக வாங்க வேண்டும்.