இது யாருக்கு?

சிறுமலையில் காட்டுமாடு உண்டு, பன்றி உண்டு, முயலும் உண்டு. கை வைத்தால் 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம்மையே கூறு போட்டுவிடும். ஆகவே திண்டுக்கல்காரனுக்கு வேட்டை என்றால் வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தைதான். விடியுமுன் போய்விட வேண்டும். முதுகெலும்பை அமுக்கிப் பார்த்தே கறி எவ்வளவு தேறும் என்று சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போக வேண்டும். அவர் பேரம் பேசும்போது நாம் வாயைத் திறக்கவே கூடாது. துப்பாக்கி ஒன்றுதான் குறை.

அமெரிக்காவில் இருக்கிற என் மச்சினன் அங்கே லைசென்ஸ் வாங்கி மான் சுடுகிறான். வீட்டிலேயே வெட்டி, ஃப்ரீசரில் அடுக்கி, பொட்டலத்துக்குப் பொட்டலம் கம்ப்யூட்டரில் அடித்த லேபிள் ஒட்டிப் படம் அனுப்பினான். எனக்குப் பொறுக்குமா? நான் எக்செல்லில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அவன் கறி ஒரு வருஷம் ஃப்ரீசரில் இருக்கும், எங்கள் கறி மத்தியானத்துக்குள் குழம்பாகிவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை.

தீபாவளிக்கு எங்கள் தெருவில் 12 வீடு சேர்ந்து 2 கிடா. வீட்டுக்கு ஒரு கறிப் பை, ஒரு குடல் பை, ஆக 24 பை. ஸ்டிக்கர் ஷீட்டிலும் சரியாக 24 கட்டம். இது தெய்வச் செயல் என்றே நினைத்தேன். ஆட்டைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு நான் மட்டும் ஏறிக் கழித்ததில் இரண்டும் சேர்ந்து 51.6 கிலோ. பாதி கறி, பன்னிரண்டு பங்கு: தலைக்கு 2.15 கிலோ. பெரியப்பாவை மரியாதைக்கு முதல் வரிசையில் போட்டு, மெயில் மெர்ஜில் ஏற்றி, பிரிண்ட் கொடுத்தேன்.

24 கட்டத்திலும் பெரியப்பா பெயர். முதல் கட்டம் தவிர ஒவ்வொரு கட்டத்திலும் 'அடுத்த ஆள்' என்று ஒரு கட்டளை இருக்க வேண்டுமாம். அது இல்லாவிட்டால் வேர்டு அந்த ஷீட் முழுக்க முதல் ஆளையே பிடித்துக்கொண்டு தொங்கும். எடை 2.1499999999999999 கிலோ என்று விழுந்திருந்தது. பத்தின் பின்னங்களை இரண்டின் கணக்கில் வைத்துக்கொள்வதில் கம்ப்யூட்டருக்கு இருக்கும் பழைய வியாதி இது. எந்தக் கறிக்கடைத் தராசும் இவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை. இரண்டையும் சரிசெய்து இன்னொரு ஷீட் அடிப்பதற்குள் இரவு மணி 1.

காலையில் பெயர் ஒட்டிய பைகள் வரிசையாக நின்றன. கறி வெட்டுகிற அண்ணன் அள்ளிப் போட ஆரம்பித்தார்.

"அதென்ன, அவுக பேரைப் பாத்ததும் நல்லியா விழுது?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"எம்பேருக்கு மட்டும் சவ்வா?" என்றது இன்னொரு குரல்.

தோல், ரத்தம், குடல் எல்லாம் போக நிஜமாகத் தேறியது 22.8 கிலோ. லேபிளில் 2.15, பையில் 1.9. மிச்சம் 250 கிராம் எங்கே என்று 11 வீடும் என்னைப் பார்த்தன. இதற்குள் ஈரக் கை பட்டு இங்க்ஜெட் மை கரைந்து, யார் பெயரும் யாருடையதாகவும் இல்லை.

பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. பைகளைத் தார்ப்பாயில் கவிழ்க்கச் சொன்னார். எல்லாவற்றையும் கலந்து 12 குவியல் வைத்தார்கள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அண்ணன் ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்றார். பெரியப்பா வாயில் வந்த பெயருக்கு அது போனது. அவருக்கு முதுகில் கண் இல்லை என்பது தெருவுக்கே தெரியும், எனவே எலும்பு வந்தவரும் வாங்கிக்கொண்டு போனார். மொத்தம் நாலு நிமிடம். நல்லி எனக்கு வரவில்லை.

அவர் பெயரே 24 தடவை விழுந்த அந்த முதல் ஷீட்டை, வீணாகக் கூடாது என்று பெரியப்பா கேட்டு வாங்கிப் போனார். 2.1499999999999999 கிலோ என்று ஒட்டிய குடையோடுதான் இப்போது ரேஷன் கடைக்குப் போகிறார்.