வெளியேன்னா யாருக்கு வெளியே?

வாரும்வே மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரும். கோவமா வந்திருக்கீராம், உம்ம அத்தை சொன்னா. நாலு நாள் குற்றாலத்துல ரூம் போட்டுச் சாரல்ல நனையலாம்னு சிங்கப்பூர்ல இருந்து லீவு எடுத்து வந்த மனுசன், ரெண்டாம் நாளே பெட்டியத் தூக்கிக்கிட்டு தென்காசிக்கு வந்துட்டீரு. பால்கனியில நின்னு சிகரெட்டு குடிச்சீராம். பக்கத்து ரூம் மதுரைக்கார அம்மா, பிள்ளைக்கு இளைப்பு இருக்குன்னு சத்தம் போட்டாவளாம். ‘என் ரூம், என் பால்கனி, நான் காசு கட்டியிருக்கேன்’னு நீரு திருப்பிக் கேட்டீராம். நல்ல வசனம்வே. சினிமாவுல வச்சா விசில் பறக்கும்.

எதுக்குக் காசு கட்டினீரு, அதை மட்டும் சொல்லும். கட்டில், ஃபேன், பக்கெட்டு, மூடி தொலைஞ்ச ஒரு ஃபிளாஸ்க்கு, நிக்கதுக்கு நாலடி அகலத்துல ஒரு பால்கனி. ரசீதுல காத்துன்னு எங்கயாவது எழுதியிருந்துச்சா? நானும் முப்பது வருசம் ஒரு லாட்ஜுல சாவிக்கொத்தோட திரிஞ்சவன். ரசீதுப் புத்தகத்துல ஒரு பக்கத்துலயும் அப்படி ஒரு அயிட்டம் பாத்ததில்ல.

ஆனா குற்றாலத்துல யாவாரமே அந்தக் காத்துதான். ஆரியங்காவு பக்கம் மலை ஒரு இடத்துல குனிஞ்சு வழி விட்டிருக்கு பாரும், ஆனி ஆடியில அந்த இடுக்கு வழியாத்தான் மேகாத்து உள்ள வருது. பெருமழைய மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்துக்காரனுக்குக் கொட்டிட்டு, மிச்சத்தைப் பூத்தூவலா நமக்குத் தெளிச்சிட்டு, அப்பிடியே கெழக்க போயி சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காத்தாடியச் சுத்தி கரண்டு எடுத்துக் குடுக்கு. மூணு மாசம் அந்தக் காத்து தெசை மாறாது. மேக்கே இருந்து கெழக்கே, ஒரே போக்கு. அதனால குற்றாலத்துல எந்த ரூமுக்காரன் பத்த வச்சாலும் எந்த ரூமுக்காரன் இருமுவான்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிரலாம். உம்ம ரூம் பதினாலு, அந்த அம்மா ரூம் பதினஞ்சு. நீரு மேக்க, அந்த அம்மா கெழக்க. சண்டை வராம என்ன செய்யும்?

என் காலத்துல இதுக்கு ஒரு சூச்சுமம் வச்சிருந்தேன். வாறவன் சட்டைப் பையிலயும் உதட்டுலயும் ஒரு பார்வை பாப்பேன். குடிக்கிற ஆளுன்னு தெரிஞ்சா, மேல் மாடியில கெழக்குக் கடைசி ரூம் சாவிய எடுத்து நீட்டுவேன். ‘சார், உங்களுக்குன்னே தனியா ஒரு வியூ ரூம்’பேன். வியூ என்ன வியூ, ஜன்னலைத் தொறந்தா தண்ணித் தொட்டியும் ஒரு மாமரமும் அதுல நாலு குரங்கும். மனுசன் சந்தோசமா அம்பது ரூவா டிப்ஸ் குடுத்துட்டுப் போவான். புகையெல்லாம் மாமரத்துக்கு. குரங்குகதான் கொஞ்சநாள் மொறைச்சுது. ஒரு கடுவன் ஒருத்தர் பாக்கெட்டைப் பிடுங்கிட்டுப் போயி, ஒண்ணொண்ணா மோந்து பாத்து, ஒண்ணொண்ணா கீழ போட்டுச்சு. அதுக்கு யாரும் போர்டு மாட்டிச் சொல்லிக் குடுக்கல.

பொறவு 2008-ல சட்டம் வந்துச்சு. அன்புமணி ராமதாஸ் சுகாதார மந்திரியா இருந்த சமயம், காந்தி பொறந்தநாளு அன்னைக்கு, அக்டோபர் 2, பொது இடத்துல எங்கயும் குடிக்கக் கூடாதுன்னு விதிய இறுக்கினாவ. மூலச் சட்டம் 2003-லயே வந்தது, இது அதுக்கு மேல போட்ட பூட்டு. மீறினா எரநூறு ரூவா வரைக்கும் அபராதம். அறுவது சென்டிமீட்டர் நீளம் முப்பது சென்டிமீட்டர் அகலத்துல வெள்ளைப் பலகை மாட்டணும்னாவ. எங்க லாட்ஜு பலகைய நான்தான் ஏணி போட்டு மாட்டினேன். ஏணியப் பிடிச்சிக்கிட்டு நின்ன பய வாயில பீடி. அவனை என்ன செய்ய?

அந்த விதியில முப்பது ரூமுக்குக் குறையாத லாட்ஜுக்காரனுக்கு ஒரு சலுகை உண்டு. குடிக்கிறவங்களுக்குன்னு தனி ரூம் ஒதுக்கலாம். ஆனா அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுன்னு இருக்கக் கூடாது, எல்லாம் ஒரே மாடியில, இல்லன்னா ஒரே பக்கமா இருக்கணும். படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. டெல்லிக்காரன் யோசிச்சுக் கண்டுபிடிச்சதை மாமரத்துக் குரங்குகளை வச்சு நான் எப்பவோ செஞ்சாச்சு. அடுத்த வரியிலதான் மாட்டிக்கிட்டான். அந்த ரூம் புகை வராண்டாவுக்கும் வரவேற்பு ஹாலுக்கும் வந்திரக் கூடாது, வெளியே போயிரணும்னு எழுதியிருக்கான்.

வெளியேன்னா எங்கவே? யாருக்கு வெளியே?

டெல்லிக்காரனுக்கு வெளியேன்னா யாருக்கும் சொந்தமில்லாத இடம். குளிரூட்டின ரூமுக்குள்ள உக்காந்து எழுதினா அப்பிடித்தான் தோணும். குற்றாலத்துக்கு வாறவன் அந்த வெளியையே நம்பித்தான் பஸ் ஏறுதான். உள்ள என்ன இருக்கு, ஈரத் துண்டும் பூசணம் பிடிச்ச சொவரும். மதுரையில வெயில்ல வெந்துபோயி, பிள்ளைக்கு நல்ல காத்து கெடைக்கட்டும்னு வந்த அம்மாவுக்கு நீரு வெளிய விட்டதுதான் மொத்தமா உள்ள போச்சு.

அருவியில சோப்புப் போடக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியாச்சுல்லா? அப்ப நம்ம ஆளுவ என்ன குதி குதிச்சான் தெரியுமா. ‘என் சோப்பு, என் ஒடம்பு, ஓடுற தண்ணி’ன்னான். ஓடுற தண்ணிதான், எங்க ஓடுது? சித்தாத்துல விழுந்து தென்காசிக்குத்தான ஓடுது. மேல குளிக்கவன் நுரை கீழ நிக்கவன் காலுக்கு வருது. நுரை கண்ணுக்குத் தெரியும், அதனால எல்லாருக்கும் வெளங்கிட்டு. காத்துல ஓடுற நுரைய மட்டும் ஏம்வே ஒத்துக்க மாட்டேங்கீரு?

சிரிக்காதியும். நான் ஒண்ணும் சாமியாரு இல்ல. எம்புட்டு பீடி குடிச்சிருக்கேன்னு உமக்கே தெரியும். பழைய மீட்டர்கேஜ் வண்டியில செங்கோட்டையில ஏறி, பகவதிபுரம் தாண்டி மலைக்குகைக்குள்ள வண்டி நொழையும்போது வேணும்னே பத்த வைப்போம். இருட்டுக்குள்ள பத்துப் பன்னெண்டு நெருப்புக் கண்ணு மின்னும். குகையில புகை எங்க போவும், எல்லாரு மூஞ்சியிலயுந்தான். பொம்பளையாளுவ முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு இருப்பாவ, ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாவ. இத்தனைக்கும் ரயில்வேச் சட்டத்துல, கூட வார ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா குடிக்கக் கூடாதுன்னு இருக்கு. ஒருத்தர் சொல்லணும், அதுதான் கணக்கு. யாரும் சொல்லல, நாங்களும் அணைக்கல. இப்ப நெனச்சா கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

1999 ஜூலையில கேரளா ஐக்கோர்ட்டு பொது இடத்துல குடிக்கவே கூடாதுன்னு தீர்ப்புச் சொல்லிட்டு. அதுக்குப் பொறவு நம்ம ஆளுவளப் பாக்கணுமே. புளியரை தாண்டுற வரைக்கும் இழுத்துக்கிட்டே போவான். பார்டர் வந்ததும் பீடிய அணைச்சுக் காதுல சொருகிக்கிடுவான். புனலூர்ல மரக்கடை வேலைய முடிச்சிட்டு வந்து, எல்லை தாண்டினதும் அதே குறைப்பீடியப் பத்த வைப்பான். நுரையீரல் ரெண்டு மாநிலத்துக்கும் ஒண்ணுதான், பயம்தான் பார்டரோட நின்னுபோச்சு.

உம்ம கதையும் அதேதான்வே. சிங்கப்பூர்ல மஞ்சக்கோட்டுக் கட்டத்துக்குள்ள போயி, கால் கோட்டை மிதிக்காம, பள்ளிக்கூடத்துப் பய மாதிரி நின்னு குடிக்கீரு. அடுக்குமாடி வராண்டாவுல, படிக்கட்டுல, கீழ்த்தளத்துல எங்கயும் பத்த வைக்க மாட்டீரு. சாங்கி ஏர்போர்ட்டுல எறங்கினா பூனை, திருவனந்தபுரத்துல எறங்கினா புலி. அங்கயும் இந்தப் பால்கனி வழக்கு தீரலங்கது உமக்கே தெரியும். சொந்த வீட்டு ஜன்னலு, பால்கனியில நின்னு குடிக்கதையும் தடுக்கணும்னு 2020-ல லூயிஸ் இங்-ங்கிற எம்பி பார்லிமென்டுல கேட்டாரு. வீட்டுக்குள்ள எட்டிப் பாக்காம எப்படிப் பிடிக்கன்னு அரசாங்கம் பின்வாங்கிட்டு. அவ்வளவு கண்டிப்பான ஊரே பால்கனி வாசல்ல நின்னு தலையச் சொறியுது.

இதையெல்லாம் ஏன் சொல்லுதேன்னா, தீபாவளிக்குப் பொறவு கப்பல்ல போறீராமே. அதுலயும் பால்கனி ரூம்தான் வேணும்னு கூடக் காசு கட்டியிருக்கீராம். நம்ம சாதிசனத்துல மொத உல்லாசக் கப்பல் பயணம், நல்லது. ஆனா கடல்ல கெழக்குக் கடைசி ரூமுன்னு ஒண்ணு கெடையாது. காத்து மேக்கயா கெழக்கயான்னு பாத்து வைக்க முடியாது. கப்பல் ஓடுத ஓட்டத்துல முன்னால ரூம்காரன் விடுறது பின்னால வரிசையில நூறு பேரைத் தடவிட்டுத்தான் கடலுக்குப் போவும்.

நம்ம சொக்காரன் பய ஒருத்தன் கப்பல்ல இஞ்சினியரா இருக்கான்லா, அவன் ஒரு கதை சொன்னான். 2006 மார்ச் 23, ஸ்டார் பிரின்சஸ்னு ஒரு பெரிய கப்பல், ஜமைக்காவுக்குப் போயிக்கிட்டு இருக்கு. விடியக்காலம் மூணு மணி, எல்லாரும் ஒறங்குதாவ. ஒரு பால்கனியில தீ. யாரோ தட்டிவிட்ட சிகரெட்டுத் துண்டாத்தான் இருக்கணும்னு பொறவு விசாரிச்சவங்க எழுதினாவ. மேலே இருந்து ஒருத்தன் கடலுக்குன்னு தட்டிவிட்டா, காத்து அதை அலுங்காம இன்னொருத்தன் பால்கனியில கொண்டுபோயி வச்சிரும். அங்கன பிளாஸ்டிக்கு நாற்காலி, ரெண்டு ரூமுக்கு நடுவுல பிளாஸ்டிக்குத் தடுப்பு. மாடி விட்டு மாடி ஏறிப் பிடிச்சுது. ஒருத்தர் புகையில மூச்சு முட்டிச் செத்தாரு. 79 ரூம் ஒண்ணுக்கும் ஆகாமப் போச்சு.

இதுல எனக்குத் தூக்கிவாரிப் போட்ட சங்கதி வேறவே. ரூமுக்குள்ள தீக்கு மணி இருக்கு, தண்ணி பீச்சுத குழாய் இருக்கு. அப்ப பால்கனியில ஒண்ணும் இல்லாம இருந்துச்சு. ஏன்? விதி எழுதினவனுக்கு பால்கனிங்கது ‘வெளியே’. வெளிய இருக்கதுக்கு எதுக்கு மணியும் குழாயும்னு விட்டுட்டான். அத்தனை கோடி போட்டுக் கப்பல் கட்டினவனும், எங்க லாட்ஜுக்கு விதி எழுதின டெல்லிக்காரனும், பதினாலாம் நம்பர் ரூம்ல நின்ன நீரும் ஒரே எடத்துலதான் வழுக்கி விழுந்திருக்கிய. அந்தத் தீக்குப் பொறவுதான் உலகக் கப்பல் விதியிலயே பால்கனின்னு ஒரு வார்த்தை சேந்துச்சு.

ஆனாலும் கம்பெனிக்காரன் பையத்தான் மூடினான். பிரின்சஸ் கம்பெனி 2012-ல, ராயல் கரீபியன் 2014 ஜனவரியில, கார்னிவல் அதே வருசம் அக்டோபர்ல பால்கனியில குடிக்கக் கூடாதுன்னாவ. உடனே ரெண்டு கட்சி. ‘பால்கனிக்குன்னுதான கூடக் காசு கட்டினேன்’னு குடிக்கவன் கத்துதான். ‘நானும் அதுக்குத்தான கட்டினேன்’னு பக்கத்து ரூம்காரன் கத்துதான். ரெண்டு பேரு வாயிலயும் ஒரே வசனம், நம்ம குற்றாலத்து வசனம். அதுல ஒரு வேடிக்கை, பால்கனியில கூடாதுன்ன பல கப்பல்ல சூதாட்ட ஹாலுக்குள்ள மட்டும் பத்த வச்சுக்கலாம்னு விட்டுவச்சான். எந்திரிச்சு வெளிய போனா மனுசன் புத்தி தெளிஞ்சிரும்லா, சீட்டைக் கீழ வச்சிருவான். யாவாரி கெட்டிக்காரன்.

அதனால மாமன் சொல்லுதேன் கேளும். கப்பல் ஏறுமுன்ன அந்த டிக்கெட்டுல பொடி எழுத்துல இருக்கதை ஒருக்கா வாசியும். மேல்தட்டுல ஒரு மூலையில இடம் ஒதுக்கியிருப்பான். அங்க போயி நில்லும். உம்மைப் போல நாலு பேரு தோள ஒடுக்கிக்கிட்டு அங்கன நிப்பான், நல்ல சிநேகம் கெடைக்கும். பால்கனியில நின்னு ‘என் காசு’ம்பீருன்னா, கப்பல்ல அவன் போடுத அபராதம் நம்ம எரநூறு ரூவா மாதிரி இருக்காது.

இன்னொண்ணும் சொல்லிருதேன், இல்லன்னா உம்ம மனசுல நிக்கும். ‘பீடி சுத்தின காசுல வளந்த குடும்பம், இப்ப புகைய ஏசுது’ன்னு நீரு நெனைக்கீரு. நெசந்தான். கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையநல்லூர்னு இந்தப் பக்கத்துல சொளவு மடியில வைக்காத வீடு எத்தனை? உம்ம அத்தை நாப்பது வருசம் சுத்தினா. ராத்திரி இலைய நனைச்சுப் போடுவா, காலையில தகர அளவு வச்சு வெட்டுவா, தூளைக் கொட்டி உருட்டி நூலு கட்டி, விளக்கு வைக்குமுன்ன ஆயிரம் பீடி எண்ணிக் கடைக்குக் கொண்டு போவா. கடைக்காரன் கழிவுன்னு ஒரு பிடி ஒதுக்கி வைப்பான். அதுலதான் நான் ஓசியில குடிச்சேன், அதையும் சொல்லிருதேன். அந்தக் கூலியிலதான் உம்ம மச்சினிச்சி டீச்சருக்குப் படிச்சா. உம்ம பாஸ்போர்ட்டுக்கு அவசரத்துக்குக் குடுத்த காசும் அந்தச் சுருக்குப் பையில இருந்து வந்ததுதான்.

அவ ஒரு நாளும் ஒரு பீடி குடிச்சதில்ல. தூள் நெடியிலயே இருமிக்கிட்டு இருப்பா. நான் திண்ணையில இழுத்தா, ‘காத்து உள்ள வருது, அங்கிட்டுப் போங்க’ம்பா. நான், ‘வெளியதான இருக்கேன்’பேன். எத்தனை வருசம் சொல்லியிருப்பேன் தெரியுமா அதை?

ஏம்வே, பேசிக்கிட்டே இருக்கேன், உம்ம கை ஏன் சட்டைப் பைக்குப் போவுது? வையும், வையும். இல்ல, எனக்கு வேண்டாம், சும்மா பெட்டிய மட்டும் காட்டும். வெளிநாட்டுச் சாமானா? படம் எல்லாம் போட்டிருக்கு, எளவு, பாக்கவே பயமா இருக்கு. சரி, ஒண்ணே ஒண்ணு. இங்க வேண்டாம், பின்னால தோட்டத்துத் தென்னைக்குக் கெழக்க போவோம். அங்கனன்னா காத்து வீட்டுப் பக்கம் திரும்பாது.

ஏல, உள்ள வளையல் சத்தம் கேக்குது. ஒளியும், வெரசா ஒளியும். பாத்திரப் போறான்னு இல்லவே, மோந்திருவா. நாப்பது வருசம் தூள் பாத்த மூக்கு, எந்தக் கம்பெனின்னும் சொல்லிருவா.